இளம் தொழிலதிபர்

திருகோணமலையில் வர்த்தகம் படிப்பிக்கிற எவருக்கும் முதல் தலையிடி துறைமுகந்தான். 'நீங்கள் தொடங்க விரும்பும் வணிகம் ஒன்றுக்குத் திட்டம் எழுதுக' என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும். பேனாவைத் திறந்த கையோடு 'உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம் அமைந்த எமது மாவட்டத்தில்' என்று தொடங்கிவிடுவார்கள். அடுத்த வரியில் கோழிப்பண்ணை வரும். துறைமுகத்துக்கும் கோழிக்கும் என்ன உறவு என்று கேட்டால், "அது முன்னுரை டீச்சர்" என்பார்கள். நானும் பல வருடங்களாக அந்தத் துறைமுகத்தை வகுப்பறை யன்னலால் பார்த்தபடிதான் படிப்பிக்கிறேன். உள்ளே போக எனக்கும் அனுமதியில்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூட மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் அது எங்களுடைய பெருஞ்சொத்து என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

எங்கள் பாடத்துக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. ஒரு பொருளை வாங்க ஆட்கள் ஆசையோடும் காசோடும் நின்றால் அதற்குப் பெயர் கேள்வி. விற்க வருகிற பொருள் நிரம்பல். கேள்வி கூடினால் விலை கூடும் என்று ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன். குச்சவெளியிலிருந்து வருகிற பையன் ஒருவன் பின்வரிசை வாங்கில் இருந்தான். பஸ் பிந்தியது எப்படி என் பிழையாகும் என்று அன்று காலை அதிபரிடம் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். "இஞ்ச கேள்வி கூடினா ஏச்சுத்தான் டீச்சர் கூடுது" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். படிப்பித்த ஒரு விஷயம் உடனே விளங்கிவிட்டது என்றால் சந்தோஷப்படாமல் என்ன செய்வது?

அந்த அதிபரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்தின் தலைவரைத்தான் அதிபர் என்போம். வேறு ஊர்களில் அந்தச் சொல் ஆலை முதலாளியையும் நாட்டுத் தலைவரையும் குறிக்குமாம். எங்கள் அதிபர் தானே இந்த மூன்றும் என்று நினைப்பவர். பதவிக்கு வந்து வருடம் திரும்பவில்லை. வந்த வாரமே தன் அறைக் கதவில் பெயர்ப்பலகை மாட்டினார். அது பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையைவிடப் பெரியது. ஓய்வு பெற்றுப் போன ஆசிரியை ஒருவருக்கு நாங்கள் கொடுத்த வாழ்த்து மடலில்கூடத் தன் கையெழுத்துக்குக் கீழே 'அதிபர்' என்று றப்பர் முத்திரை குத்தினார். அந்த ஆசிரியை அதைப் பார்த்து, தன்னை இடமாற்றம் செய்கிறார்களோ என்று பயந்துவிட்டாராம்.

இப்படிப்பட்டவரிடந்தான் கொழும்பிலிருந்து அந்தத் திட்டம் வந்து சேர்ந்தது. ஒரு தொண்டு நிறுவனம், குளிரூட்டிய வாகனம், கழுத்துப்பட்டி கட்டிய இளம் அலுவலர் ஒருவர். பாடசாலைகளில் தொழில் தொடங்கும் எண்ணத்தை வளர்க்கப்போகிறார்களாம். ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகள் ஒரு சந்தை நடத்தவேண்டும். நடுவர்கள் வந்து பார்த்துச் சிறந்த ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அவருக்கு மேடையில் சான்றிதழ் கிடைக்கும். அதோடு, கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், சுற்றுலாக் காலம் முடியும்வரை வாடகையில்லாமல் ஒரு பெட்டிக்கடையும் கிடைக்கும். விருதின் பெயர் 'இளம் தொழிலதிபர்'. பாடப்புத்தகத்தில் தொழில்முயற்சியாளர் என்றுதானே இருக்கிறது, ஏன் மாற்றினீர்கள் என்று அலுவலரிடம் கேட்டேன். அந்தச் சொல் நீளமாம், பதாகையில் அடங்கவில்லையாம். பதாகையை நீட்டலாமே என்று வாய்வரை வந்தது. தேநீர் வந்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் மரக்கறிச் சந்தையில் லொறியிலிருந்து மூட்டை இறக்குபவர். உயர்தரச் சோதனை முடிந்ததும் அவளைத் தூரத்து ஊர் ஒன்றில் உள்ள ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அங்கே ஆள் சேர்த்துவிடுகிற ஒருவன் வாரத்துக்கு ஒரு தடவை தகப்பனுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் போக விருப்பமில்லை. விருப்பமில்லை என்று சொன்னால் அந்த வீட்டில் எடுபடாது. இஞ்சயே எனக்குத் தொழில் இருக்கிறது என்று காட்டினால் ஒருவேளை எடுபடும். பெட்டிக்கடை விஷயத்தைத் தகப்பனிடம் சொன்னாளாம். அவர், "கடை கிடைச்சாப் பாப்பம்" என்றாராம். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது என்று என்னிடம் வந்து சொன்னாள். ஆக, மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு போட்டி, அவளுக்கு அது ஊரில் இருப்பதா போவதா என்பது.

மற்றப் பிள்ளைகள் சந்தைக்குக் கன்டீனில் விற்கிற மாதிரிப் பொரித்த ரோல்ஸ் போடுவதென்று முடிவெடுத்தார்கள். ஒரு குழு ரோல்ஸ். இன்னொரு குழுவும் ரோல்ஸ். மூன்றாவது குழு வித்தியாசமாகச் செய்வோம் என்று பற்றிஸ், கூடவே கொஞ்சம் ரோல்ஸ். இவள் மட்டும் ஒரு சாக்கோடு வந்தாள்.

எங்கள் நகரத்தில் மான்கள் திரிவதை வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். கோட்டைக்குள், கடற்கரையில், பஸ் நிலையத்தில், புள்ளிமான்கள் மாடுகள் மாதிரி நிற்கும். அவற்றோடு படம் எடுக்க வருகிற சுற்றுலாப் பயணிகள் பிஸ்கட், சிப்ஸ் என்று கையில் இருப்பதை எல்லாம் நீட்டுவார்கள். மான் பிஸ்கட்டையும் தின்னும், அது சுற்றி வந்த பொலித்தீனையும் தின்னும், பிறகு வயிறு வீங்கிச் சாகும். இவள் தகப்பன் வேலை செய்கிற சந்தையில் எறிகிற முட்டைக்கோவா இலை, கரட் இலை, கீரைத் தண்டு எல்லாவற்றையும் கழுவி, வாழைநாரால் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டினாள். மான்கட்டு என்று பெயர் வைத்தாள். பொருள் சும்மா கிடைக்கிறது, வாங்குகிறவர் நாள் முழுக்க வருகிறார், மானுக்கும் நல்லது. நான் எத்தனையோ வருடமாகத் திருத்தின கோழிப்பண்ணைகள் எல்லாம் அந்த நிமிடம் கண்ணுக்கு முன்னால் வந்து வெட்கப்பட்டு நின்றன.

ஒரேயொரு சிக்கல். சந்தை நடப்பது பள்ளிக்கூட மைதானத்தில். அங்கே மான் இல்லை. மான் இல்லாத இடத்தில் மான்கட்டை யார் வாங்குவார்? அவள் சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள்.

சந்தை நாளன்று பிரதம விருந்தினராக ஒரு வங்கி முகாமையாளர் வந்தார். மாலை போட்டோம். ஒலிவாங்கியைப் பிடித்தார். "உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம் அமைந்த" என்று அவர் தொடங்கவும், பெரிய கேற்றால் ஒரு கொம்பன் மான் நிதானமாக உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு பெண் மான்கள். தலையைக் குனிந்து, நிலத்தில் எதையோ பொறுக்கிக்கொண்டே வந்தன. பிள்ளைகள் கூவினார்கள். அதிபர் விருந்தினரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார்.

"கேற்றைப் பூட்டுங்கோ! மானைக் கலையுங்கோ! ஒருத்தரும் அசையக் கூடாது!"

இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று தெரியாமல் காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொம்பன் மான் முதல் கடைக்குப் போய் ரோல்ஸ் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாவது கடையிலும் அப்படியே. எங்கள் பள்ளிக்கூடத்து ரோல்ஸ் பற்றி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நேர்மையான கருத்தை நான் கேட்டதில்லை. பிறகு அது நேரே அவளுடைய மேசைக்கு வந்து நின்றது. அவள் ஒரு கட்டை எடுத்து வங்கி முகாமையாளரிடம் நீட்டி, "சேர், மானுக்கு ஒரு கட்டு?" என்றாள். அவர் பேச்சையும் மறந்து, மேடையால் இறங்கி வந்து, சட்டைப்பையைத் தடவினார். அவர் வாங்கியதும் ஆசிரியர்கள் வாங்கினார்கள். ஆசிரியர்கள் வாங்கியதும் ரோல்ஸ் விற்ற பிள்ளைகளே கடையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் சாக்கு காலி.

"மான் எப்பிடியடி இஞ்ச வந்தது?" என்று பிறகு அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"விடிய பஸ் நிலையத்திலயிருந்து கோவா இலை போட்டுக்கொண்டு வந்தனான் டீச்சர்."

"உனக்கு ஆர் உந்த வேலை சொல்லித் தந்தது?"

"கேள்வி இல்லாட்டி உண்டாக்கவேணும் எண்டு நீங்கள்தானே டீச்சர் சொன்னனீங்கள்."

விளம்பரம் என்ற பாடத்தில் அப்படி ஒரு வரி சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. அன்றைக்கு எனக்கு என்னைப்பற்றி மிகவும் பெருமையாக இருந்தது. நடுவர்கள் தங்களுக்குள் ஒரு பேச்சும் பேசாமலே அவளைத் தெரிவு செய்தார்கள். அலுவலர் வாகனத்தில் ஏறும்போது, "உங்கட பாடசாலையிட இளம் தொழிலதிபரின்ட பெயரை எங்களுக்கு அனுப்பிவிடுங்கோ" என்று அதிபரிடம் சொன்னார். அதிபர் அனுப்பினார்.

பரிசளிப்பு விழா நகர மண்டபத்தில். தகப்பன் அன்று வேலைக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கடைசி வரிசைக் கதிரை ஒன்றின் நுனியில் இருந்தார். எங்கள் அதிபரும் வந்தார். அவருடைய தலைமயிர் முதல்நாள் மாலைவரை பாதி நரை. அன்று ஒரேயடியாகக் கறுப்பு, காது மடலிலும் கொஞ்சம் கறுப்பு. கலியாண வீட்டிலிருந்து நேரே வருகிறார் போல என்று நினைத்தேன். அறிவிப்பாளர் எங்கள் பாடசாலையின் பெயரைச் சொல்லி, "இளம் தொழிலதிபர் மேடைக்கு வரவும்" என்று அழைத்தார். அவள் எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். முன்வரிசையிலிருந்து அதிபர் எழுந்து, மேலங்கியை இழுத்துவிட்டு, படியேறினார். அறிவிப்பாளர் பட்டங்கள் எல்லாம் சேர்த்து அவருடைய பெயரை வாசித்தார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அவர் கடைப் பூட்டின் சாவி மாதிரி அட்டையில் செய்த பெரிய திறப்பு ஒன்றைக் கையில் பிடித்துப் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். மேடையில் நின்ற அலுவலருக்கு ஏதோ பிசகிவிட்டது என்று தெரிந்தது. வாயைத் திறந்தார். ஆனால் காமெரா ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே திறந்த வாயைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார். இடைவழியில் நின்றவள் திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தாள். நான் அழுதுவிட்டேன். கவலையில் இல்லை, கோபத்தில். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். தகப்பன் இருந்த கதிரை வெறுமையாக இருந்தது.

அடுத்தநாள் காலை அதிபரின் அறைக்குப் போனேன். இருக்கச் சொன்னார். நான் இருக்காமல், அந்தப் பிள்ளையின் விருது எப்படி உங்களுடையதாகும் என்று நின்றபடியே கேட்டேன்.

"டீச்சர், ஆறுதலாக் கதையுங்கோ. தொழிலதிபர் எண்டா என்ன? தொழிலைப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின்ட அதிபர். இந்தப் பள்ளிக்கூடத்தில அதிபர் ஆர்? நான்."

"இளம் எண்டும் கிடக்கே சேர்."

"நான் பதவிக்கு வந்து இன்னும் வருசம் திரும்பேல்லை."

"பேப்பரில பிரபல தொழிலதிபர் எண்டு போடுறாங்களே, அவங்கள் எல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்து அதிபர்மார் சேர்?"

"அது வேற, இது வேற" என்றார். காதோரத்துக் கறுப்பைக் கைலேஞ்சியால் துடைத்தார்.

அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. தெரியாமல் இருப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அலுவலருக்குப் போன் எடுத்தேன். மிகவும் வருத்தப்பட்டார். பெயர் கொழும்புக்குப் போய்விட்டதாம், அறிக்கை அச்சாகிறதாம், இனி மாற்ற ஏலாதாம், வேண்டுமென்றால் அடுத்த வருடம் பார்ப்போமாம். அடுத்த வருடம் அவள் எங்கோ ஒரு ஊரில் காற்சட்டைக்குப் பை தைத்துக்கொண்டிருப்பாள் என்றேன். "அதுவும் நல்ல வேலைவாய்ப்புத்தானே மிஸ்" என்றார். போனை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் என் வேலைவாய்ப்புப் போயிருக்கும்.

வீட்டில் தகப்பன் அதிகம் பேசவில்லையாம். "மேடையில உன்ட பேரும் வரேல்லை, கடையும் இல்லை. இனி என்ன கதை?" என்று மட்டும் கேட்டாராம். சோதனை முடிந்த கையோடு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அந்த ஆள் சேர்ப்பவனிடம் சொல்லியும் விட்டார். அவள் இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "சனிக்கிழமை கடை திறக்கிறாங்களாம், என்ன டீச்சர்?" என்று கேட்டாள்.

கடை திறக்கத்தான் வேண்டும். விருது பெற்றவர் தன் கடையில் தானே இருந்து விற்பதை நிறுவனம் படம் எடுத்து அறிக்கையில் போடுமாம். இது அதிபருக்குப் பிந்தித்தான் தெரிந்தது. திறப்பு கிடைத்தது, இனி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருந்தவர் வெள்ளிக்கிழமை என்னைத் தேடி வகுப்பறைக்கே வந்தார். அதற்கு முன் அவர் வகுப்பறைக்கு வந்ததை நான் கண்டதில்லை.

"டீச்சர், அந்தப் பிள்ளையிட்டச் சொல்லி உந்த மான்கட்டு கொஞ்சம் எடுத்துத் தாங்கோவன்."

"பிள்ளை உதில இருக்கிறா. நீங்களே கேளுங்கோ சேர்."

கேட்டார். அவள் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னாள்: "கடையில என்ட பேரைப் போட்டாத் தாறன் சேர்." பின்வரிசை வாங்கில் இருந்த குச்சவெளிப் பையன் இருமினான். அதிபர் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையில் பேரம்பேசுதல் என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டேன். அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு நானும் கோட்டைப் பக்கம் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன். தகரக் கூரை போட்ட புதுக் கடை. தென்னோலைத் தோரணம். நெற்றியில் 'இளம் தொழிலதிபர்', அதன் கீழ் அதிபரின் பெயர். உள்ளே நிழலில், கழுத்துப்பட்டி கட்டி, மின்விசிறி பூட்டி, அவர். முன்னால் தட்டுத் தட்டாகப் பள்ளிக்கூடக் கன்டீனில் எடுத்த மீன் ரோல்ஸ். கோணேசர் கோயிலுக்கு விரதத்தோடு ஏறுகிற சனத்துக்கு மீன் ரோல்ஸ். குளித்து, திருநீறு பூசி, அர்ச்சனைத் தட்டோடு வந்த பெண்கள் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கடையை விட்டு விலகி நடந்தார்கள்.

ரோட்டின் மற்றப் பக்கம், வெயிலில், சாக்கை விரித்து அவள். பக்கத்தில் இன்னொரு சாக்குக் கட்டோடு தகப்பன். மகளுக்காக வரவில்லை, மூட்டை பாரம், அதுதான் வந்தேன் என்று என்னிடம் விளக்கம் சொன்னார். அவள் கோயிலுக்குப் போகிறவர்களிடம், "அம்மா, வாயில்லாச் சீவனுக்கு ஒரு கட்டு, புண்ணியம்" என்றாள். வெள்ளைக்காரரைக் கண்டால் மானைக் காட்டி, போனைக் காட்டி, கட்டை நீட்டினாள். ஒரே பொருளை இரண்டு சந்தைக்கு இரண்டு விதமாக விற்பது பற்றி நான் இன்னும் படிப்பிக்கத் தொடங்கவே இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் மான் தீன் கேட்டு முதலில் அதிபரின் கடைக்குத்தான் போனாள். அவர் ரோல்ஸை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். வேறு வழியில்லாமல் அவர் கையை நீட்டி ரோட்டின் இந்தப் பக்கத்தைக் காட்டவேண்டி வந்தது. பள்ளிக்கூடத்து ஞாபகமோ என்னவோ, கொம்பன் மான் ஒன்று அங்கே போய்த் தட்டை முகர்ந்து, முகத்தைத் திருப்பி, தோரணத்தைத் தின்னத் தொடங்கியது. அலுவலர் காமெராவோடு வந்து இறங்கியது அந்த நேரத்தில்தான்.

தகப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் சாக்கை மடித்தார். மற்றதை அவிழ்த்தார். அதுவும் குறையக் குறைய அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று மாறிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது மிகவும் கஷ்டமான வேலை.

அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். அவள் கட்டு நீட்டிய கை அப்படியே நின்றது. யாருடைய அழைப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஓம் தம்பி, சொல்லும்... இல்லை. பிள்ளை வரமாட்டா... இல்லைத் தம்பி, சோதனை முடிஞ்சாலும் வரமாட்டா. பிள்ளைக்கு இஞ்ச வேலை கிடைச்சிட்டுது."

அந்தப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்டிருக்கவேண்டும். தகப்பன் வெயிலில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு மற்றப் பக்கம், நிழலில் ரோல்ஸில் மொய்த்த இலையானை ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். லொறிக்கு மேல் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி கீழே நின்று கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"என்ன வேலையோ? அதிபர் வேலை தம்பி, அதிபர் வேலை!"